இடாப்பின் திறப்பு யார் கையில்?

பண்ணைப் பாலத்தைக் கடந்து, மண்டைதீவுச் சந்தியையும் தாண்டிச் செல்பவர் வேலணைத் தீவில் முதலில் காணும் ஊர் அல்லைப்பிட்டி. பனையும் மணலும் கடற்காற்றும் நிறைந்த சிற்றூர். அங்கு வசிக்கும் ஓர் ஆசிரியையைச் சில வாரங்களுக்கு முன் சந்திக்க நேர்ந்தது. அவர் கற்பிக்கும் பாடசாலையின் பெயர் இங்கு வேண்டாம். பேச்சு எங்கெங்கோ சுற்றி, ஈற்றில் அவர் கையிலிருந்த கைத்தொலைபேசியில் வந்து நின்றது.

அவருடைய வகுப்பில் 31 பிள்ளைகள். அந்த 31 பிள்ளைகளின் முழுப் பெயரும், பிறந்த திகதியும், தாய் தந்தையரின் அடையாள அட்டை இலக்கமும், வீட்டு முகவரியும் அந்தக் கைத்தொலைபேசிக்குள் இருக்கின்றன. எந்த வீட்டில் அஸ்வெசும உதவி பெறுகிறார்கள், எந்தப் பிள்ளைக்கு இழுப்பு நோய், எந்தப் பிள்ளையின் தகப்பன் வீட்டில் இல்லை என்பனவும் இருக்கின்றன. புள்ளிகள் இருக்கின்றன, படங்களும் இருக்கின்றன. மேலிடத்திலிருந்து அவ்வப்போது படிவம் வரும். “உடன் அனுப்பவும்” என்று வட்ஸ்அப்பில் வரும். வட்ஸ்அப்பிலேயே அனுப்ப வேண்டும். தொலைபேசியோ அவர் தம் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கியது. அதற்குக் கடவுச்சொல் கிடையாது. அவருடைய கடைக்குட்டி மகன் பின்னேரங்களில் அதிலேதான் விளையாடுகிறான்.

“பாதர், இந்தப் போன் துலைஞ்சால் முப்பத்தொரு வீட்டு விசயமும் றோட்டிலதான்” என்றார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். திரும்பி வரும்போது நமக்குச் சிரிப்பு வரவில்லை.

முன்னாளில் இந்த விபரங்கள் எங்கே இருந்தன? அதிபரின் அறையில், இரும்பு அலுமாரியில், சேர்வு இடாப்பில். அலுமாரிக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு திறப்பு, திறப்பு அதிபரின் மேசை லாச்சியில். (அந்த லாச்சி பூட்டப்படுவதேயில்லை என்பது வேறு கதை.) எனினும், களவெடுக்க வருபவன் அந்த அறைக்குள் நுழைய வேண்டும், இடாப்பைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், மறுநாட் காலையில் இடாப்பைக் காணவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். இன்றைய களவின் தன்மையோ வேறு. பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும்; பிரதி மட்டும் போய்விடும். எடுத்தவன் யார், எங்கிருந்து எடுத்தான், எத்தனை பேருக்கு விற்றான் என்பதெல்லாம் உடையவருக்குத் தெரியாமலே போகலாம். ஆகவேதான் பல நாடுகளில் பாடசாலைகளின் கணினிகளையும் மாணவர் விபரங்களையும் காப்பதற்குச் சட்டங்கள் இயற்றப்படுகின்றன. அச்சட்டங்களின் நுட்பங்களை அறிஞர் ஆராயட்டும். நாம் இங்கே கேட்க விரும்புவது ஓர் ஒழுக்கக் கேள்வி: பிள்ளையைப் பற்றிய விபரத்தைக் காக்கும் கடமை யாருடையது?

குருமடத்தில் ஒழுக்கவியல் படித்த காலத்தில், இரகசியம் மூவகைப்படும் என்று கற்றோம். முதலாவது, இயற்கை இரகசியம்: வெளிப்பட்டால் பிறருக்குத் தீங்கு விளையும் என்பதனாலேயே, எவரும் கேட்டுக்கொள்ளாமலே நாம் காக்க வேண்டியது. இரண்டாவது, வாக்களித்த இரகசியம்: அறிந்த பின்னர் ‘சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்தது. மூன்றாவது, ஒப்படைக்கப்பட்ட இரகசியம்: ‘நீர் காப்பீர்’ என்னும் நம்பிக்கையின் பேரில் மட்டுமே நம்மிடம் சொல்லப்பட்டது. வைத்தியரிடம் நோயாளி சொல்வதும், சட்டத்தரணியிடம் கட்சிக்காரர் சொல்வதும் இவ்வகை. பாவசங்கீர்த்தன முத்திரை இவையனைத்துக்கும் அப்பாற்பட்டது. அதனை விட்டுவிட்டால், இம்மூன்றிலும் பாரமானது மூன்றாவதே. இதற்கு வாய்விட்டுச் சொன்ன வாக்குறுதிகூட வேண்டியதில்லை. சொல்லப்படும் இடமும் சூழலுமே வாக்குறுதியாகிவிடும்.

பாடசாலையில் பிள்ளையைச் சேர்க்க வரும் தாயை நினைத்துப் பாருங்கள். படிவத்தில் ‘தந்தையின் பெயர்’, ‘தந்தையின் தொழில்’ என்று கேட்டிருக்கிறது. அவள் பேனையைப் பிடித்தபடி சற்று நேரம் இருந்துவிட்டு, ‘காணாமற் போனவர்’ என்று எழுதுகிறாள். அந்த ஒரு சொல்லை அவள் உலகத்துக்குச் சொல்லவில்லை. அயலவருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. தன் பிள்ளை படிக்க வேண்டும் என்பதற்காக, பாடசாலையை நம்பி எழுதினாள். அது ஒப்படைக்கப்பட்ட இரகசியம் அன்றோ?

அல்லைப்பிட்டி போன்ற ஊரில் இது வெறும் கற்பனை உதாரணமன்று. 1990 ஓகஸ்டில் தீவகம் படையினர் வசமானபோது மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர் பலர் வீடு திரும்பவில்லை. 2006 மே 13 அன்று இவ்வூரில் சிறு குழந்தைகளும் உட்படக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஓகஸ்டில் புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது எறிகணைகள் வீழ்ந்தன. ஓகஸ்ட் 20இல் பங்குத் தந்தை ஜிம் பிறவுண் அடிகளாரும் அவரோடு சென்ற ஒருவரும் காணாமற் போயினர். வீட்டில் எத்தனை பேர், யார் யார், எந்த வயது என்று எழுதிக் கொடுத்த பட்டியல் இன்னொருவர் கைக்குப் போனால் என்ன நேரும் என்ற பயம் இப்பகுதி மக்களுக்குப் புத்தகம் படித்து வந்ததன்று.

ஆனால் பெயர்ப் பதிவு என்றாலே தீமை என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. இடம்பெயர்ந்து, பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் இழந்து நின்ற எத்தனையோ பேருக்குப் பங்கின் ஞானஸ்நானப் பதிவேடு கைகொடுத்தது. ‘இன்னாரின் மகன் இன்னார், இன்ன நாளில் பிறந்தார்’ என்ற ஒரு வரி, ஒரு மனிதனை மீண்டும் மனிதனாக எழுந்து நிற்கச் செய்தது. அதே நாட்டில், அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன், பதிவேடு வேறு வேலையும் செய்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஊர்ப் பள்ளிகள்தோறும் ‘பள்ளித் தோம்பு’ வைத்தனர். ஞானஸ்நானமும் விவாகமும் அதிலே பதியப்பட்டன. எழுதியவர் பள்ளி ஆசிரியர். அவர்களுடைய சபையின் பதிவில் ஏறாத விவாகத்துக்குச் சட்ட மதிப்பில்லை. அந்த விவாகத்தில் பிறந்த பிள்ளைக்கு முதுசம் சிக்கல். நமது முன்னோர் தம் விசுவாசத்தை ஒளித்து வாழ்ந்த காலத்தில், அவர்களைக் கட்டிப்போட்ட கயிறுகளில் பள்ளிக்கூட இடாப்பும் ஒன்று.

ஆக, இடாப்பு நன்மையும் செய்யும், தீமையும் செய்யும். எது செய்யும் என்பதை முடிவு செய்வது அதன் திறப்பு. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 535ஆம் இலக்கத்தில், பங்கின் பதிவேடுகள் அந்நியர் கைக்குப் போகாதபடி பங்குக்குரு கவனமாயிருக்க வேண்டும் என்று விதிக்கிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தக் கடமை பதிவேட்டைத் துடைத்து அடுக்கும் கோயிற் சேவகர் மீது சுமத்தப்படவில்லை. யார் கேட்டு எழுதுவித்தாரோ அவர் மீதே சுமத்தப்பட்டிருக்கிறது. கேட்பவரே காக்கக் கடமைப்பட்டவர். பாடசாலைகளுக்கான எந்தச் சட்டத்தையும் இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம் என்பது நமது எண்ணம்.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. பிள்ளையைப் பற்றிய தரவை, இனம், மதம், நோய், அரசியற் கருத்து போன்ற மிகக் கூரிய விபரங்களோடு ஒரே வரிசையில் வைத்து, விசேட காவலுக்கு உரியதாக்கியிருக்கிறது. தனியார் நிறுவனங்களை மட்டுமல்ல, அரசாங்க அமைப்புகளையும் அது கட்டுப்படுத்துகிறது. மீறினால் ஒரு கோடி ரூபா வரை தண்டம். எழுத்தில் நல்ல சட்டம். ஆனால், 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பின்போடப்பட்டன. அதே ஆண்டில் அது திருத்தவும்பட்டது. இதற்கிடையில், 2024 ஜனவரியில் நிறைவேற்றப்பட்ட நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ பெப்ரவரியிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. இணையத்தில் யார் என்ன பேசலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் அது. வாயைப் பூட்டுவதற்கு இருந்த அவசரம் அலுமாரியைப் பூட்டுவதற்கு இருக்கவில்லை. இணையப் பாதுகாப்புக்கென்றே 2019இலும் 2023இலும் வெளிவந்த சட்டவரைவுகளும் நாட்டின் முக்கிய தகவற் கட்டமைப்புகளையே பெரிதாகப் பேசின. 31 பிள்ளைகளின் விபரம் கிடக்கும் ஓர் ஆசிரியையின் தொலைபேசி அந்தப் பட்டியலில் எங்கே வரப்போகிறது?

அரசாங்கத்தின் சொந்தப் பெட்டகமே எவ்வளவு உறுதியானது என்பதை 2023இல் பார்த்தோம். அரசாங்க மின்னஞ்சல் முறைமையைக் கப்பக்காரர் தாக்கினர். ஏறக்குறைய 5,000 முகவரிகளுக்கு உரிய, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்தன. மீட்க முடியாமற் போனதற்குக் காரணம் மிகச் சாதாரணமானது: அந்தக் காலத்துக்குரிய பிரதி வேறெங்கும் எடுத்து வைக்கப்பட்டிருக்கவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலில் கல்வி அமைச்சின் இணையத்தளம் ஊடுருவப்பட்டது. ஊடுருவியவர் தம்மை ஒரு மாணவன் என்று சொல்லி, பாதுகாப்புப் போதாது என்று எழுதி வைத்துவிட்டுப் போனதாகச் செய்திகள் கூறின.

வசதி படைத்த நாடுகளிலும் நிலைமை பெரிதும் வேறல்ல. அமெரிக்காவில் பாடசாலை இணையப் பாதுகாப்புக்கென்றே ஒரு சட்டம் 2021 ஒக்டோபர் 8இல் கையொப்பமிடப்பட்டது. பாடசாலைகளுக்கு உள்ள ஆபத்தை ஆராய்ந்து ஆலோசனை வழங்குமாறு அது பணித்தது; ஆலோசனையைப் பின்பற்றுவது அவரவர் விருப்பம். அடுத்த ஆண்டு செப்டெம்பரில் அந்நாட்டின் இரண்டாவது பெரிய பாடசாலை நிருவாகமான லொஸ் ஏஞ்சலிஸ் நிருவாகம் தாக்கப்பட்டது. கப்பம் கொடுக்க அது மறுத்தது. மறுத்தது சரியே. ஆனால் களவாடப்பட்டவை இணையத்தில் கொட்டப்பட்டன. ஏறக்குறைய 2,000 மாணவரின் மனநல மதிப்பீடுகளும் அவற்றுள் அடக்கம். ஒரு பிள்ளை உளவியலாளரிடம் தன் பயத்தைச் சொன்ன தாள் அது. 2024 டிசம்பரில், பல்லாயிரம் பாடசாலைகளுக்காக மாணவர் விபரங்களை வைத்திருந்த பவர்ஸ்கூல் என்னும் நிறுவனத்தின் பெட்டகம் உடைக்கப்பட்டது. அந்நிறுவனம் கப்பம் கொடுத்தது. கொடுத்த பின்னரும், 2025 மே மாதத்தில் பாடசாலைகளுக்கு மீண்டும் மிரட்டற் கடிதங்கள் வந்தன. கப்பம் கட்டியவன் வீட்டுக்குக் கப்பக்காரன் இரண்டாம் முறையும் வருவான் என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தப் பெட்டகத்தை உடைத்ததற்காக நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றவர், அப்போது 19 வயதான ஒரு கல்லூரி மாணவர். இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். 2016 ஓகஸ்டில் நமது சனாதிபதியின் இணையத்தளத்தை ஊடுருவியதாகக் கைதானவன் கடுகண்ணாவையைச் சேர்ந்த 17 வயது மாணவன். அத்தளத்தில் எழுதப்பட்டிருந்த கோரிக்கைகளுள் ஒன்று, உயர்தரப் பரீட்சையை ஏப்ரலில் வைக்க வேண்டாம் என்பது! பிரித்தானியாவில் தரவுப் பாதுகாப்பு ஆணையாளர் பணிமனை 2025இல் வெளியிட்ட ஆய்வின்படி, கல்வி நிலையங்களில் உள்ளிருப்போரால் நிகழ்ந்த 215 மீறல்களில் 57 சதவீதம் மாணவர் செய்தவை. பெரும் தந்திரம் ஒன்றுமில்லை. எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல், அல்லது தாளில் எழுதி விட்டுப்போன கடவுச்சொல், அவ்வளவுதான்.

பூட்டாத வீட்டுக்குள் புகுந்தவன் குற்றவாளிதான். ‘கதவு திறந்து கிடந்தது’ என்பது அவனுக்கு மன்னிப்பாகாது. பிள்ளைகளுக்கு இதை நாம் தெளிவாகச் சொல்ல வேண்டும். கெட்டிக்காரத்தனம் என்று தட்டிக்கொடுக்கும் தகப்பன்மாரையும் கண்டிருக்கிறோம். ஆனால் 17 வயதுப் பையனுக்கு 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் காத்திருக்கிறது. கதவைத் திறந்து போட்ட பெரியவருக்கு என்ன காத்திருக்கிறது? ‘இனிமேல் கவனம்’ என்ற ஒரு சுற்றறிக்கை. இந்தத் தராசு சரியாக நிற்கவில்லை.

இனி, நம்மிடம் சிலர் கேட்பார்கள்: “கூரை ஒழுகுது பாதர். கணித வாத்தியார் இல்லை. இதுக்குள்ள இணையப் பாதுகாப்பு ஒரு கேடா?” நியாயமான கேள்வி. தீவகப் பாடசாலைகளின் குறைகளை இப்பத்திரிகை அறியாததல்ல. ஆனால் ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் விபரம் எத்தனை படிவங்களில் இருக்கிறது? மிகச் சிலவற்றில். ஏழைப் பிள்ளையின் விபரமோ எங்கும் இருக்கிறது. சத்துணவுக்கு ஒரு படிவம், காலணிக்கு ஒரு படிவம், கொப்பிக்கு ஒன்று, உதவித்தொகைக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் தன் வறுமையை முதலிலிருந்து மீண்டும் எழுத வேண்டும். பணமுள்ளவன் பணத்தைக் கொடுத்து வாங்குவதை, இல்லாதவன் தன் கதையைக் கொடுத்து வாங்குகிறான். ஆகவே பூட்டு பணக்காரப் பாடசாலைக்குரிய ஆடம்பரம் என்று சொல்வது தலைகீழான பேச்சு. அது முதலில் போய்ச்சேர வேண்டிய இடம் அந்த ஒழுகும் கூரையின் கீழ்தான்.

அரசாங்கத்தைச் சொல்லும் நாம் நம்மையும் பார்க்க வேண்டும். வெளிநாட்டிலுள்ள ஊரவர் அன்போடு பணம் அனுப்புகிறார்கள். கொப்பியும் புத்தகப் பையும் கொடுக்கப்படுகின்றன. வாங்கும் பிள்ளை படமெடுக்கப்படுகிறது. அன்றிரவே பிள்ளையின் முகமும், பெயரும், ‘தந்தையை இழந்த வறிய மாணவி’ என்ற வரியும் பாரிசிலும் தொறொன்ரோவிலும் பேஸ்புக்கில் பார்க்கப்படுகின்றன. கொடுத்தவர் கணக்குக் கேட்பது நியாயம். பணம் போய்ச் சேர்ந்ததா என்று அறிய அவருக்கு உரிமையுண்டு. ஆனால் அதற்குப் பற்றுச்சீட்டு போதாதா? அந்தச் சிறுமிக்குப் பத்தொன்பது வயதாகும்போது, வேலைக்கோ திருமணத்துக்கோ அவளைப் பற்றி விசாரிப்பவர் கையில் முதலில் அகப்படுவது இந்தப் படமாகத்தான் இருக்கும். அழியாது. எந்தக் கப்பக்காரனும் அதைத் திருடவில்லை, நாமே போட்டோம். முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளையும், புலமைப்பரிசிலில் சித்தியடைந்தோரையும், உதவி பெற்றோரையும் பெயரோடும் படத்தோடும் அச்சிட்டதில் இப்பத்திரிகையும் விலக்கல்ல. படம் கொடுத்த பெற்றார் மகிழ்ந்தார்கள் என்பது உண்மை. பிள்ளையைக் கேட்டோமா என்றால், இல்லை.

‘இயலாததற்கு எவரும் கடமைப்பட்டவரல்லர்’ என்பது ஒழுக்கவியலின் பழைய விதி. தவணைத் தொலைபேசியோடு நிற்கும் ஆசிரியையிடம், ‘நீர் 31 குடும்பங்களின் இரகசியத்தைக் காக்கத் தவறினீர்’ என்று நாளை ஒரு சட்டம் குற்றஞ் சாட்டுமாயின், அது அநீதி. அவர் கேட்டு வாங்கிய விபரமல்ல அது, கேட்கும்படி பணிக்கப்பட்டார். சட்டம் ஒன்று வருமானால், அது முதலில் கேட்பவரைக் கேள்வி கேட்க வேண்டும்: இந்த விபரம் எதற்கு? ஏற்கெனவே உம்மிடம் இருப்பதை ஏன் மறுபடியும் கேட்கிறீர்? வேலை முடிந்ததும் அழிப்பீரா? அடையாள அட்டை இலக்கத்தை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்ல உமக்கு யார் அதிகாரம் தந்தது? பின்னர் பாடசாலைக்குப் பாடசாலையின் பெயரில் ஒரு கருவி வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வேண்டும். பிரதி வேறிடத்தில் இருக்க வேண்டும். தீவகக் கல்வி வலயத்தின் பாடசாலைகளைச் சுற்றிவந்து இவற்றைப் பார்க்க, பயிற்சி பெற்ற ஒரே ஓர் ஆளாவது இருந்தால் எவ்வளவோ நடக்கும். களவு போய்விட்டால் மூடிமறைக்காமல் பெற்றாருக்குச் சொல்லும் கட்டாயமும் வேண்டும். வீட்டுக்காரனுக்குச் சொல்லாத காவற்காரன் கள்ளனுக்கு உதவி செய்கிறான்.

இவ்வளவையும் எழுதி வைத்திருந்த வேளையில் அந்த ஆசிரியையிடமிருந்து தொலைபேசி வந்தது. நாம் பேசிவிட்டு வந்த அன்றே தொலைபேசிக்குக் கடவுச்சொல் போட்டுவிட்டாராம். மகன் இரண்டு நாள் அழுதானாம். அதைச் சொல்ல அவர் எடுக்கவில்லை. உதவித்தொகைக்குத் தெரிவான ஆறு பிள்ளைகளின் பெற்றாருடைய அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தின் முதற் பக்கத்தையும் படமெடுத்து, பிற்பகல் இரண்டு மணிக்கு முன் வட்ஸ்அப்பில் அனுப்பும்படி தகவல் வந்திருக்கிறது. தவறினால் பெயர் விடுபடும். நேரம் அப்போது ஒன்றேகால்.

“அனுப்பவோ பாதர், விடவோ?”

“அனுப்புங்கோ ரீச்சர்” என்றோம்.